மூச்சு வாங்கியது யாருக்கு?

அன்புத் தம்பிக்கு,

வயதிலும் எடையிலும் உனக்கு மூத்தவளான அக்கா எழுதுவது. நான் நலம். நாலாவது மாடியில், என் சொந்த நாற்காலியில், என் சொந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிகவும் நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமா என்று இந்த இடத்தில் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உனக்கு இப்போதைக்கு ஒன்றும் கிடையாது.

போனில் பேசுவதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேசிப் பார்த்தேனே. எடுத்தவுடன் "அக்கா, சிக்னல் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவளிடம் சிக்னல் சரியில்லை என்று சொல்ல உனக்கு என்ன தைரியம்! கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. அதனால் உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகள் வேன் கொண்டுவருகிறாள். என்னையும் என் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டுபோய்த் தன் வீட்டுக் கீழ் அறையில் இறக்கப் போகிறாள். இந்த வீட்டைக் காலி செய்யப் போகிறோம் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாள். இத்தனைக்கும் காரணம், நீ போன மாதம் வந்தபோது அவளிடம் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். "அக்காவுக்கு ரொம்ப மூச்சு வாங்குதும்மா, பாவம், ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னுதான் வந்தோம்." தம்பி, மூச்சு வாங்கியது எனக்கா? நெஞ்சில் கை வைத்துச் சொல். அன்றைக்குப் படிக்கட்டில் வைத்தாயே, அதே இடத்தில் வைத்துச் சொல்.

அந்தக் கீழ் அறையை நீ பார்த்ததில்லை. நான் பார்த்தேன். கார் நிற்கிற கொட்டகைக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் இருக்கிறது. இதுவரை ஒரு உடைந்த சைக்கிளும் பழைய பெயின்ட் டப்பாக்களும் அங்கே குடியிருந்தன. அவற்றைக் காலி செய்துவிட்டு என்னைக் குடிவைக்கிறார்கள். ஜன்னல் உண்டு, திறந்தால் மதில் சுவர். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் அழுத்தினால் அடிக்கிற மணி. "நீ எழுந்திருக்கவே வேணாம்மா, மணிய அழுத்து, நான் ஓடி வந்துடுவேன்" என்கிறாள். பாசமான பெண்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்திருக்கவே வேண்டாம் என்று ஒருத்தியை உட்கார வைத்தால், பிறகு அவள் எப்படி எழுந்திருப்பாள்? எக்ஸ்சேஞ்சில் அப்படித்தானே உட்கார்ந்தேன். காதில் ஹெட்போன், கையில் வயர், நாற்காலியை விட்டு அசையக் கூடாது. ரிடையர் ஆகிற அன்று பாராட்டுக் கூட்டத்தில் நான் எழுந்தேன், நாற்காலியும் என்னோடு எழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பேச்சுக்குத் தட்டினார்களா நாற்காலிக்குத் தட்டினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன் அத்தான் போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தேன். லிஃப்ட் எப்போதும் பழுது என்பதால் வாடகை குறைவு. வந்த புதிதில் முதல் மாடியிலேயே கண்ணில் பூச்சி பறக்கும். இரண்டாவது மாடியில் உட்கார்ந்து யாரையாவது திட்டுவேன், பெரும்பாலும் உன்னை. ஆனால் பால் கீழே, பேப்பர் கீழே, கடை கீழே, பேச்சுத் துணைக்கு மனிதர்களும் கீழே. இறங்கினால் ஏறித்தானே ஆக வேண்டும்? ஏறினேன். அப்புறம் சாயங்காலம் குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். சும்மா போய்ப் பார்க்கலாமே என்றுதான் போனேன், ஒருநாள் போகாவிட்டால் கால் குறுகுறுக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. இப்போது கையில் பையோடு, பேசிக்கொண்டே மேலே வந்துவிடுகிறேன். எடை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் போனது, என்னைப் பிரிந்து இருக்க முடியாமல் திரும்பி வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு இது புரியவில்லை. அவர் ஒருநாள் எடை பார்க்கிற மெஷினோடு வந்தார். என் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, எடையை அதனால் வகுத்து, ஒரு எண்ணைக் கண்டுபிடித்தார். அந்த எண் செல்போனில் சிவப்பாக வந்தது. வீடே தீப்பிடித்த மாதிரி எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை, உயரம் வந்திருச்சு, எடை வந்திருச்சு. இந்தக் கணக்குல மூச்சு எங்க இருக்கு?" என்று கேட்டேன். "அத்தை, மூச்சு இதுல வராது" என்றார். "வராதுல்ல? அப்ப நான் உயிரோட இருக்கறதும் அதுல வராது" என்றேன். அவர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம் என்றார். போகலாமே, எனக்கென்ன பயம்?

டாக்டரம்மா என்னை நடக்க வைத்துப் பார்க்கிற மெஷினில், அந்த ஓடுகிற பட்டையில் ஏற்றினார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டார்கள். எனக்குப் பழைய வேலைக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, நான் விழுந்தால் பிடிப்பதற்காக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார். நான் விழுந்தால் அவர் கதி என்ன என்பதை அவர் யோசிக்கவில்லை. பட்டை வேகமானது, நானும் வேகமானேன். பட்டை மேடானது, "இது எங்க ரெண்டாவது மாடி" என்று டாக்டரிடம் சொன்னேன். கடைசியில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க எடை அதிகம்தாம்மா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இதயமும் நுரையீரலும் உங்க வயசுக்கு ரொம்ப நல்லா வேலை செய்யுது. ஒல்லியா இருக்கேன்னு நம்பி உடம்ப அசைக்காம இருக்கறவங்கள நிறையப் பாக்கறேன். அவங்களவிட நீங்க தெம்பா இருக்கீங்க. வயசாக ஆக இந்தத் தெம்புதான் கை கொடுக்கும். மாடி ஏறறத மட்டும் விட்டுடாதீங்க." இதை அப்படியே உனக்கு எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை. அதற்குப் பிறகு முழங்கால், சர்க்கரை, வெண்ணெய் என்று ஏதேதோ சொன்னார். அப்போது நான் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், சரியாகக் காதில் விழவில்லை. மாப்பிள்ளைக்கோ அந்தப் பின்பாதி மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து மகளிடம் அதை மட்டும் ஒப்பித்தார்.

ஆக, நான் ஒரு பாதியைச் சொல்ல, அவர் மறு பாதியைச் சொல்ல, வழக்கு முடியவில்லை. அப்போதுதான் என் மகள், "மாமா வரட்டும். மாமா ஒரு தடவை உன்கூட மாடி ஏறிப் பாத்துட்டு என்ன சொல்றாரோ அதுதான் முடிவு" என்றாள். ஏன் உன்னைச் சொன்னாள்? நீ ஒல்லி. நம் குடும்பத்தில் ஆரோக்கியம் என்றால் நீதான். சின்ன வயதில் வாங்கின பேர், இன்னும் அதை வைத்தே காலம் தள்ளுகிறாய். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு அதை நாலு பேருக்குக் காட்டுவாய். தெருமுனைக் கடைக்குக் கூடக் காரில் போகிறாய், ஆபீசில் நாள் முழுக்க நாற்காலி, வீட்டில் சோபா, நடுவில் டீயும் சிகரெட்டும். ஆனாலும் கல்யாண வீடுகளில் உன்னைத்தான் பக்கத்தில் நிறுத்தி என்னிடம், "தம்பியப் பாருங்க, எப்படி உடம்ப வச்சிருக்கார்" என்பார்கள். நீ உடம்பை வைத்திருக்கிறாய், சரி. பெட்டியில் வைத்த சட்டை மாதிரி மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறாய். உபயோகிக்கவே இல்லையேடா.

நீ வந்த நாளை இப்போது ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. டாக்சியிலிருந்து இறங்கினாய், கையில் பெட்டி. லிஃப்டில் பழுது என்று அட்டை தொங்கியது. "அக்கா, மெதுவா ஏறு, ஒண்ணும் அவசரமில்ல" என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே முதல் மாடிவரை வந்தாய். மூச்சை எப்படி இழுக்க வேண்டும், எப்படி விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். அதற்கப்புறம் பாடம் நின்றுவிட்டது. இரண்டாவது மாடியில் குனிந்து ஷூ லேஸ் கட்டினாய். வெகு நேரம் கட்டினாய். நீ போட்டிருந்தது லேஸ் இல்லாத செருப்பு. நான் ஒன்றும் கேட்காமல் உன் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அதற்கு மேலே போகும்போது சுவரில் தீயணைக்கிற சிலிண்டர் மாட்டியிருந்தது. அதை எப்படி உபயோகிப்பது என்று எழுதியிருந்ததை முழுக்க நின்று படித்தாய். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாய். படிப்பில் உனக்கு இவ்வளவு ஆர்வம் என்று அப்பாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.

மூன்றாவது மாடியில் தையல்காரி வீட்டுக் கதவு திறந்திருந்தது. நீ கேட்காமலே உள்ளே போய் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாய். அவள் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டு, "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள். நீ வாயைத் திறந்து, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஊரைச் சுற்றி வந்து, "இல்லம்மா... அக்காவுக்காக... நிக்கறேன்" என்றாய். அக்கா அப்போது எப்படி இருந்தாள்? ஒரு கையில் உன் பெட்டி, ஒரு கையில் காய்கறிப் பை, வாயில் பாட்டு. உன் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. உதடு ஒரு மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தது. படிக்கட்டு வெளிச்சம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். சரி, அதை விடு. நான் இப்போது கோபமாக இருக்கிறேன், பேச்சை மாற்றாதே.

மேலே வந்ததும் சோபாவில் படுத்துவிட்டாய். நான்தான் உன் செருப்பைக் கழற்றினேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு மகள் வந்தாள். நான் உங்களுக்கு டீயும் ரொட்டியும் செய்ய அடுப்பங்கரைக்குப் போனேன். தம்பி சாட்சி சொல்கிறானே, நாமும் கேட்போம் என்று கதவுப் பக்கம் காதை வைத்ததில் தோசைக்கல்லில் போட்ட ரொட்டியை மறந்துவிட்டேன். ஒரே புகை. உன் வாக்கியமும் காதில் விழவில்லை, ரொட்டியும் போச்சு. கண்ணில் தண்ணீர் வடிய, இருமிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி நான் ஹாலுக்கு வரவும் நீ மூச்சு வாங்குது என்று சொல்லி முடிக்கவும் சரியாக இருந்திருக்கிறது. "பாத்தீங்களா மாமா!" என்று மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். நீ என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாய். நான் ரொட்டிக்காக ஆட்டுகிறாய் என்று நினைத்து நானும் ஆட்டினேன். நீ ஊருக்குப் போன பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று மகள் சொன்னாள்.

எனக்குச் சாட்சி இல்லையா என்று தையல்காரியிடம் போனேன். நடந்ததை அவள் கண்ணால் பார்த்தவள். "எனக்கு எதுக்கும்மா உங்க குடும்ப விஷயம்" என்று நூலைக் கோக்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, அவளுக்கு என் வீட்டு ஜன்னல் மேல் கண். நாலாவது மாடியில் வெளிச்சம் நன்றாக வருமாம், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட வசதியாம். நான் இன்னும் உள்ளே குடியிருக்கும்போதே என் ஜன்னலுக்கு அளவெடுத்துவிட்டுப் போனாள். கேட்டால், சும்மா ஒரு பழக்கம் என்கிறாள்.

சரி, யாரும் வேண்டாம், நானே நிரூபிக்கிறேன் என்று மகளைக் கூப்பிட்டேன். "நீயே வா. என்கூட ஏறு. உன் கண்ணால பாரு" என்றேன். வந்தாள். அவள் வந்த அன்றைக்குப் பார்த்து, இத்தனை வருஷமாகக் கண்ணில் படாத லிஃப்ட் மெக்கானிக் வந்து லிஃப்டைச் சரிசெய்து வைத்திருந்தான். "கடவுளாப் பாத்துச் சரி பண்ணியிருக்கார்மா" என்று மகள் என்னை உள்ளே தள்ளினாள். மெக்கானிக்கும் பெருமையோடு கூடவே ஏறினான். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது, விளக்கும் போனது. இருட்டில் மெக்கானிக், "வெயிட் ஜாஸ்தியாயிருச்சு, யாராவது ஒருத்தர் இறங்கினா நல்லது" என்றான். எங்கே இறங்குவது? அவன் யாரைச் சொல்கிறான் என்று இருட்டிலும் எனக்குத் தெரிந்தது. உள்ளே தகரத்தில் ஆறு பேர் என்று போட்டிருக்கிறது, தம்பி. நாங்கள் மூன்று பேர். மகள் உன்னை மாதிரி ஒல்லி, அவன் அவளையும்விட ஒல்லி. என்னை நாலு பேராக எண்ணினாலும் மொத்தம் ஆறுதானே வருகிறது? இதை நான் சத்தமாகவே கேட்டேன்.

கடைசியில் கதவைப் பாதி நெம்பித் திறந்தோம். வெளித்தரை இடுப்புக்கு மேலே இருந்தது. மகளை நான்தான் தூக்கி வெளியே விட்டேன். மெக்கானிக்கையும் நான்தான் தூக்கிவிட்டேன். என்னைத் தூக்க ஆளில்லை, நானே கையை ஊன்றி ஏறினேன். மகள் பயத்தில் வெளுத்துப்போய் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மேலே ஏறிப் போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து கொடுத்தேன். இதைவிட என்னடா நிரூபணம் வேண்டும்? இதற்கு மேல் மலை மேலா ஏறிக் காட்ட முடியும்? அவளோ தண்ணீரைக் குடித்துவிட்டு, "இந்தப் படி, இந்த லிஃப்ட்... இனிமே உன்ன இங்க விட்டு வைக்க மாட்டேம்மா" என்று அங்கேயே உட்கார்ந்து வேனுக்குப் போன் செய்தாள். மறுநாள் மெக்கானிக் வந்து, கதவு இடுக்கில் யாரோ போட்ட பாட்டில் மூடிதான் காரணம், எடையில்லை என்றான். அதை என் மகளிடம் சொல் என்றேன். "விடுங்கம்மா, அப்புறம் மூடிய ஏன் பாக்கலைன்னு என்னத்தான் கேப்பாங்க" என்று போய்விட்டான். எல்லோருக்கும் என் எடை சௌகரியமாக இருக்கிறது, தம்பி. லிஃப்ட் நின்றாலும் அதுதான், ரொட்டி கருகினாலும் அதுதான், நீ மூச்சு வாங்கினாலும் அதுதான்.

நான் குண்டுதான். வீட்டில் கண்ணாடி இருக்கிறது, யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம். இந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் பால் வாங்குகிறேன், குளத்தைச் சுற்றுகிறேன், தினமும் என் வீட்டுக்கு என் காலால் ஏறி வருகிறேன். இளைத்தால் நல்லதுதான், டாக்டரம்மா சொன்ன அந்தப் பின்பாதியையும் ஒருநாள் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஆனால் இளைக்கிறவரை எனக்கு வாழ உரிமையில்லையா? எனக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாவதற்குப் பயமில்லை. மணியை அழுத்திவிட்டு யாராவது வருவார்களா என்று மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பயமாக இருக்கிறது. அங்கே போனால் கொஞ்ச நாளில் என் கால் மறந்துவிடும், அதற்கப்புறம் மூச்சு மறக்கும். அப்போது எல்லோரும், பார்த்தாயா, நாங்கள் அப்பவே சொன்னோம் என்பார்கள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என் மகளுக்குப் போன் செய். "மூச்சு வாங்கினது எனக்குத்தான். உங்கம்மா என் பெட்டியையும் தூக்கிக்கிட்டு பாட்டுப் பாடிட்டே ஏறினாங்க" என்று சொல். பாட்டை விட்டுவிடாதே. மாமா சொன்னால்தான் முடிவு என்றவள் அவள், நீ சொன்னால் கேட்பாள். வேறு யார் சொல்லியும் இந்த வீடு எனக்கு நிலைக்காது. நீ சொல்லாவிட்டால் வேன் வரட்டும், நான் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வேன். கட்டிலை இறக்க வருகிறவர்கள் முதலில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற என்னை இறக்கிப் பார்க்கட்டும். உன் வீட்டு வாசலையும் நான் இனி மிதிக்க மாட்டேன், உன் பிள்ளைகள் கல்யாணத்துக்கு வந்தாலும் பெண் வீட்டுக்காரர்கள் பக்கம்தான் உட்காருவேன்.

இருந்தாலும் நீ கூடப் பிறந்தவன். கோபத்திலும் சாபம் வாயில் வரமாட்டேன் என்கிறது. நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு, நோய் நொடி இல்லாமல், உண்மை பேசிக்கொண்டு வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
யார் வந்தாலும் நாலாவது மாடியை விட்டு இறங்கப் போகாத
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மனைவி போன் செய்தாள். குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். "அண்ணி, நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பால் வாங்கப் போனா பாதி வழியில நின்னுடறார். ஏன்னு கேட்டா மரத்தப் பாக்கறேன்னு சொல்றார். எங்க தெருவுல மரமே இல்ல அண்ணி." அதற்குள் நீ வெளியிலிருந்து உள்ளே வந்தாய். "யாரு போன்ல?" என்று கேட்டாய். இரண்டே வார்த்தை, அதற்கு நடுவில் ஒரு தடவை மூச்சு இழுத்தாய். எக்ஸ்சேஞ்சில் எத்தனை பேர் மூச்சைக் காதில் கேட்டிருக்கிறேன், தம்பி. உறையிலிருந்து கடிதத்தைத் திரும்ப வெளியே எடுத்தேன்.

மேலே எழுதியதில் ஒரு வரியும் வேண்டாம், கிழித்துப் போட்டுவிடு. என் மகளுக்கு நீ போன் செய்யாதே. நானே செய்துவிட்டேன். மாமா சொன்னது சரி, மூச்சு வாங்கியது எனக்குத்தான், வீட்டைக் காலி செய்துகொள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேன் கட்டிலையும் பீரோவையும் மட்டும் எடுத்துப் போகட்டும், நான் கொஞ்ச காலம் தம்பி வீட்டில் இருக்கப் போகிறேன், டாக்டர் என்னைத் தனியாக நடக்க விடக் கூடாது, கூட ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். மகள் அழுதாள், அப்புறம் சந்தோஷப்பட்டாள். பிறகு நான் தனியாக இருக்க உன் தெருவுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு வீடு பார்க்கச் சொல்லி உன் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். லிஃப்ட் இல்லாததாகப் பார்க்கச் சொன்னேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தினமும் சாயங்காலம் நாம் இரண்டு பேரும் நடப்போம். உனக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அங்கே நான் நிற்பேன். தெருவில் யார் கேட்டாலும், "அக்காவுக்கு உடம்பு கொஞ்சம் பெருசு, மூச்சு வாங்குது, அதான் நின்னு நின்னு போறோம்" என்று சொல். நான் தலையாட்டுகிறேன். உன் மனைவியிடமும் அப்படியே சொல், அவள் போன் செய்தது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, பிள்ளைகளிடமும் அப்படியே சொல். இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே டாக்டரிடம் போ, நான் வரும்வரை காத்திருக்காதே. அவரிடம் மட்டும் மூச்சு வாங்கியது யாருக்கென்று உண்மையைச் சொல்லிவிடுடா.